எறும்பு ஆசிட்



போன வாரம் குலசேகரம் பக்கம் பழைய மாணவி ஒருத்தியின் வீட்டுக்குப் போயிருந்தேன். ரப்பர் ஷீட் அடிக்கும் மிஷின் பக்கத்தில், கூல்டிரிங்ஸ் பாட்டில் ஒன்றில் தண்ணீர் மாதிரி ஏதோ இருந்தது. “அது ஆசிட் டீச்சர்” என்றாள் சாதாரணமாக. அவளுடைய மூன்று வயது மகன் அங்கேதான் விளையாடிக்கொண்டிருந்தான். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பழைய சம்பவம் ஒன்று நினைவுக்கு வந்தது.

நான் தோவாளைப் பக்கத்துக்காரி. வயல் தெரியும், பூ தெரியும், ரப்பர் தெரியாது. ஆசிரியர் பயிற்சி முடித்து மலையோரப் பள்ளி ஒன்றில் சேர்ந்த புதிதில் எட்டாம் வகுப்புக்கு அமிலங்கள் பாடம் எடுத்தேன். புளியில் டார்டாரிக், எலுமிச்சையில் சிட்ரிக், மோரில் லாக்டிக், எறும்பில் பார்மிக். ‘பொருத்துக’ கொடுத்தால் எல்லாரும் முழு மார்க் வாங்குவார்கள். எனக்கு அதில் ஒரே பெருமை.

ஒருநாள் கடைசி பெஞ்சுப் பையன் எழுந்து, “டீச்சர், எறும்பு ஆசிட்டும் எங்க வீட்டு ரப்பர் ஆசிட்டும் ஒண்ணா?” என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை. “பாடத்தில இல்லாததைக் கேக்காதே, உக்காரு” என்றேன். அவன் விரல்களில் தோல் உரிந்திருந்தது. அதைப் பார்த்தும் காரணம் கேட்காமல், கையெழுத்து மோசம் என்றுதான் திட்டினேன்.

சில மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை அவன் வீட்டுக்குப் போகும்படி ஆயிற்று. அப்பா சிரட்டைகளில் சேர்ந்த ரப்பர் பாலை எடுத்து வந்தார். பையன் அதைத் தட்டுகளில் ஊற்றி, ஆசிட் கலந்து, வெறுங்கையால் கலக்கினான். ஆசிட் கேனில் ‘பார்மிக் ஆசிட் 85 சதவீதம்’ என்று எழுதியிருந்தது. எனக்கு முகம் சுண்டிவிட்டது. அவனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். டீச்சருக்குத் தெரியாது என்று ஒப்புக்கொள்ள வெட்கப்பட்டு, பேசாமல் வந்துவிட்டேன்.

அப்புறம்தான் தேடிப் படித்தேன். எறும்புக்கு லத்தீனில் ‘பார்மிகா’ என்று பெயர். 17-ஆம் நூற்றாண்டில் ஜான் ரே என்ற ஆங்கிலேயர் எறும்புகளை வடித்து இந்த அமிலத்தைப் பிரித்தார். இன்று தொழிற்சாலையில் செய்கிறார்கள். தோல் பதனிடவும் சாயம் போடவும்கூட இது உதவுகிறது. ரப்பர் பாலில் மிதக்கும் நுண்துளிகள் எதிர் மின்சுமையால் ஒன்றையொன்று விலக்கி நிற்கும். அமிலம் விட்டதும் அந்தச் சுமை தணிந்து, துளிகள் ஒட்டித் திரண்டுவிடும். உறை ஊற்றிய பால் தயிராவதும் ஏறக்குறைய இப்படித்தான்.

இனி ஒரு டீச்சராகவே சொல்கிறேன், கேளுங்கள். தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும், ஆசிட்டில் தண்ணீரை ஊற்றக்கூடாது. கையுறை, கண்ணாடி போடுங்கள். குடிக்கிற பாட்டிலில் ஆசிட்டை வைக்காதீர்கள்; பிள்ளைகளுக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள். உடம்பில் பட்டால் ஓடும் தண்ணீரில் இருபது நிமிடம் கழுவுங்கள். குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

என் மாணவி அன்றைக்கே பாட்டிலை மாற்றிவிட்டாள். உங்கள் வீட்டிலும் இன்று ஒருமுறை பாருங்கள்.

கடைசி பெஞ்சுத் தம்பி, எங்கிருந்தாவது நீ இதைப் படித்தால்: ரெண்டும் ஒண்ணுதான்ப்பா. நீ கேட்டது நல்ல கேள்வி. டீச்சர்தான் அன்றைக்குப் பதில் சொல்லவில்லை.