பேச்சில் சேர்ந்துகொள்ளும் வித்தை

"நாலு பேரோடு நன்றாகப் பழகுடா!" என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். 'நன்றாக' என்றால் எப்படி என்று ஒரு பிள்ளை திருப்பிக் கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள், சகோதரிகளே?

என் தங்கை மகன் அப்படித்தான் கேட்டான். வயது 15, ஆட்டிசம் உள்ள பிள்ளை. எங்கள் தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்துக்கு வரும் கப்பல்களைப் பற்றி அவனிடம் கேட்க வேண்டும்! நிலக்கரி கொண்டு வந்தது எது, காற்றாலை இறக்கை ஏற்றிப் போனது எது என்று மூச்சு விடாமல் சொல்வான். எதிரே நிற்பவர் கடிகாரத்தைப் பார்ப்பது மட்டும் அவனுக்குப் புரியாது. வகுப்பில் பையன்கள் சிரித்தார்கள். அவன் பேச்சையே குறைத்துக்கொண்டான். "எனக்குப் பிறகு இவனுக்கு யார் துணை, அக்கா?" என்று தங்கை கண் கலங்கினாள்.

பழகும் பாங்கு இத்தகைய பிள்ளைகள் பலருக்குத் தானாக வருவதில்லை. ஆனால் கணக்கைப் போலப் படிப்படியாகச் சொல்லிக் கொடுக்கலாம். அமெரிக்காவில், லாஸ் ஏஞ்சல்ஸ் கலிபோர்னியா சர்வகலாசாலையைச் சேர்ந்த எலிசபெத் லாகசன் என்ற மாது இதற்கென்றே ஒரு பாடமுறை வகுத்திருக்கிறார். வாரம் ஒரு நாள், ஒன்றரை மணி நேரம். பிள்ளைகள் ஓர் அறையில். பெற்றோர் இன்னோர் அறையில். வீட்டுப் பாடமும் உண்டு! பயிற்சி பெற்ற பிள்ளைகள் நண்பர்களை வீட்டுக்கு அழைப்பது அதிகமாயிற்று என்று 2009-ல் வெளியான அவர்களது ஆய்வு சொல்கிறது.

அதில் ஒரு பாடத்தைக் கேளுங்கள். நாலு பேர் பேசிக்கொண்டிருக்கிறார்களா? சற்று விலகி நின்று கவனி. உனக்கும் தெரிந்த விஷயம்தானா என்று பார். பேச்சில் சிறு இடைவெளி விழும்வரை பொறு. பிறகு அதே விஷயத்தைப் பற்றி ஒரு வாக்கியம் சொல். அவர்கள் உன் பக்கம் திரும்பவில்லையா? வருத்தப்படாமல் நகர்ந்துவிடு.

தங்கை இதை அட்டையில் எழுதி, வீட்டில் எங்களையே நாலு பேராக உட்காரவைத்துப் பழக்கினாள். இரண்டு மாதம் கழித்து, மக்ரூன் வாங்கப் போன இடத்தில் கிரிக்கெட் பேச்சு. பையன் நின்றான்; கேட்டான்; பொறுத்தான். "மழை வராவிட்டால் ஜெயித்திருப்பார்கள், அண்ணாச்சி" என்றான். "அப்படிச் சொல்லு தம்பி!" என்றார் கடைக்காரர். தங்கை முகத்தைப் பார்க்க வேண்டுமே!

ஆனால் பாடம் அவனுக்கு மட்டும்தானா? டேமியன் மில்டன் என்ற ஆங்கிலேய அறிஞர், தாமும் ஆட்டிசம் உள்ளவர். புரியாமை இரு பக்கமும் இருக்கிறது என்று 2012-ல் எழுதினார். நியாயந்தானே? "முகத்தைப் பார்த்துப் பேசு" என்று மோவாயைப் பிடித்துத் திருப்பாதீர்கள்; பலருக்கு அது வேதனை. கடிகாரத்தைப் பார்த்து ஜாடை காட்டவும் வேண்டாம். "தம்பி, எனக்கு நேரமாகிவிட்டது. மிச்சக் கப்பல்களை நாளைக்குச் சொல்" என்று வாய்விட்டே சொல்லுங்கள். அவனுக்கு அது நன்றாகப் புரியும்.