கவ்வாத்து காணாத மலை

வத்தேகமையைத் தாண்டி பஸ் பன்வில பக்கம் ஏறத் தொடங்கியதும் என் கண் தேயிலையைத்தான் தேடியது. நக்கிள்ஸ் மலை அதே கம்பீரத்தோடு நிற்கிறது. ஹுலுகங்கையும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அம்மா கொழுந்தெடுத்த மலையில் மட்டும் கவ்வாத்து வெட்டிப் பல வருடமாகிவிட்டது. தேயிலை மரமாக வளர்ந்து, நடுவே மானாப்புல் ஆள் உயரத்துக்கு மூடிக் கிடக்கிறது. கான்கள் தூர்ந்துவிட்டன.

"குறுக்குப் பாதையில இப்ப பொம்பளப் புள்ளைகளத் தனியா விடுறதில்ல தம்பி. புல்லுக்குள்ள கசிப்பு காய்ச்சுறானுங்க. பன்னிக்குக்கூட இவ்வளவு பயமில்ல" என்றார் பணிய லயத்து அக்கா.

நான் வாழும் பிலடெல்பியாவில் இதே பயத்தைப் பார்த்திருக்கிறேன். அங்கே கைவிடப்பட்ட 541 வெறுங்காணிகளை எடுத்து ஆராய்ந்தார்கள். அவற்றில் ஒரு பகுதியில் குப்பையை அள்ளி, புல் வளர்த்து, சில மரங்கள் நட்டு, தாழ்வான மரவேலி போட்டார்கள். 2018இல் முடிவு வெளியானது: வறுமை மிகுந்த பகுதிகளில் துப்பாக்கி வன்முறை 29 சதவீதம் குறைந்திருந்தது. பச்சை என்றால் எல்லாம் ஒன்றல்ல. புதர் ஆளை மறைக்கும். வெட்டிப் பராமரித்த புல்லோ, இங்கே பார்க்க ஆள் உண்டு என்று சொல்லும்.

அந்த அக்காவின் காம்பிராவுக்கு முன்னால் இரண்டு பாய் அகலத்தில் மண். ஒரு பக்கம் போஞ்சிப் பந்தல், மறுபக்கம் லீக்ஸ், இஸ்தோப்பு ஓரம் பெயின்ட் வாளிகளில் டேலியா. பொழுது சாயும்போது பக்கத்துக் காம்பிராக்காரர்களும் அங்கேதான் வந்து உட்காருகிறார்கள். பாதையில் யார் வந்தாலும் நாலு பேர் கண்ணில் படாமல் போக முடியாது. இந்த லயத்தில் களவு போனதாக யாரும் சொல்லவில்லை.

எங்கள் சனத்தை 1823இல் கம்பளைப் பக்கம் கோப்பித் தோட்டத்துக்குக் கொண்டுவந்ததிலிருந்து கணக்குப் பார்த்தால் 200 வருடம் தாண்டிவிட்டது. புது வீடு கிடைத்தவர்களுக்கு 7 பேர்ச் காணி என்றார்கள். லயத்தில் இருப்பவர்களுக்கு வாசல் மண்கூடச் சொந்தமில்லை. உறுதி இல்லாத நிலத்தையே இப்படிப் பேணுகிறவர்களிடம் அந்தக் காட்டு மலையை ஒப்படைக்க ஏன் தயங்க வேண்டும்?

பொடியன்மார் சிரமதானம் வைத்துப் பாதையோரப் புல்லை வெட்டினார்களாம். மழை பெய்ததும் பழையபடி வளர்ந்துவிட்டது. தரிசாய்க் கிடக்கும் துண்டைப் பிரித்துத் தாருங்கள், மரக்கறி போடுகிறோம் என்று எழுத்தில் கேட்டிருக்கிறார்கள். இன்னும் பதில் வரவில்லை.