தபால்தலையின் மேல் இன்னொரு அச்சு



நானும் உங்களைப் போல வெளிநாட்டில் படித்தவன்தான். துபாயில் வளர்ந்தேன். என் சித்தப்பா அங்கே சோனாப்பூரில் தங்கி வேலை பார்த்தார். இந்தியில் சோனாப்பூர் என்றால் ‘தங்க ஊர்’. ஆனால் அங்கே இருப்பவை தொழிலாளர்கள் தங்கும் கேம்ப்கள். சித்தப்பாவின் அறையில் எட்டுப் பேர். ஊரிலிருந்து கடிதம் வந்தால் அன்று முழுவதும் அறையே கலகலப்பாக இருக்கும். அந்தக் கடிதங்களின் தபால்தலைகளை எனக்காகச் சேர்த்து வைப்பார். பழைய தபால்தலைகளும் வாங்கித் தருவார்.

அவற்றில் ஒன்று விசித்திரமாக இருந்தது. அதில் இங்கிலாந்து அரசர் ஆறாம் ஜார்ஜின் முகம். அதன் மேல் கறுப்பு மையில் ‘1 அணா’ என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தது. நாட்டின் பெயரே இல்லை!

“சித்தப்பா, இது எந்த நாடு?”

“முதல்ல அடியில இருக்கிற படத்தைப் பாரு. அப்புறம் மேல இருக்கிற எழுத்தைப் படி. ரெண்டையும் சேர்த்து யோசி” என்றார்.

நீங்களும் யோசியுங்கள். அரசரின் முகம் இருக்கிறது, நாட்டின் பெயர் இல்லை. அப்படியானால் அது பிரிட்டன் தபால்தலை. பிரிட்டனில் அப்போது பென்னி, ஷில்லிங்தான். அணா இந்தியப் பணம்; 16 அணா ஒரு ரூபாய். அப்போது வளைகுடாவிலும் இந்திய ரூபாய்தான் புழங்கியது. 1948 ஏப்ரல் 1 முதல் பிரிட்டன் அங்கே தபால் நிலையங்களை நடத்தியது. அதனால் தன் தபால்தலையில் அணாவை அச்சிட்டது. குவைத், பஹ்ரைன் தபால்தலைகளில் ஊர்ப் பெயரும் சேர்ந்து இருக்கும். பெயர் இல்லாமல் அணா மட்டும் இருந்தால், அது துபாய், மஸ்கட் போன்ற இடங்களில் விற்றது.

இப்படி மேலே அச்சிடுவதற்கு ‘மேலச்சு’ என்று பெயர். சீனாவிலும் இது நடந்தது. 1912-இல் பேரரசர் ஆட்சி முடிந்து குடியரசு வந்தது. டிராகன் படம் போட்ட பழைய தபால்தலைகளின் மேல் நான்கு சீன எழுத்துகளை, மேலிருந்து கீழாக அச்சிட்டார்கள். அதன் பொருள் ‘சீனக் குடியரசு’.

“புதுசா அச்சடிக்கிற வரைக்கும் காத்திருக்கக் கூடாதா?” என்று கேட்டேன்.

“ஆட்சி மாறலாம், காசு மாறலாம். அதுக்காகக் கடிதம் நிக்கலாமா? ஊர்ல அம்மா காத்துக்கிட்டு இருப்பாங்களே!” என்றார் சித்தப்பா.

உங்கள் தாத்தா பாட்டி வீட்டில் பழைய கடிதங்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள். தபால்தலையைக் கிழிக்காதீர்கள், உறையோடு வையுங்கள். அதன் மேல் குத்திய வட்ட முத்திரையில் ஊரும் தேதியும் இருக்கும். எழுதியவர் எங்கிருந்து, எப்போது அனுப்பினார் என்பதை அதுதான் சொல்லும்.