உப்பு பார்க்காத சமையல்

பெரியம்மாவிடம் சமையல் கற்க வருகிறவர்களுக்கு முதல் பாடம் தண்ணீர் வடிகட்டுவது. கெட்டியான வெள்ளைப் பருத்தித் துணியை இரண்டாக மடித்துக் குடத்தின் வாயில் தளர்வாகப் போட வேண்டும். கிணற்றுத் தண்ணீரை அதன்மேல் மெதுவாக ஊற்ற வேண்டும். பார்க்கிறவர்களுக்கு வேலை இத்தோடு முடிந்துவிட்டதாகத் தோன்றும். பாதி வேலை இனிமேல்தான். துணியைப் பதமாக எடுத்துத் திருப்பி, ஏற்கெனவே வடிகட்டிய தண்ணீரை ஊற்றி அலசி, அந்த அலசலை ஒரு வாளியில் பிடிக்க வேண்டும். எந்தக் கிணற்றில் இறைத்தோமோ அதே கிணற்றில் வாளியை நீர்மட்டம் வரைக்கும் இறக்கிச் சாய்க்க வேண்டும். மேலே நின்றுகொண்டு கொட்டக் கூடாது. துணியில் தங்கியிருப்பவை கண்ணுக்குத் தெரியாத உயிர்கள். அவை பிறந்த நீருக்கே போய்ச் சேர வேண்டும். வடிகட்டிய தண்ணீர் 48 நிமிடத்துக்குத்தான் செல்லும். அதற்குமேல் வைத்திருந்தால் மறுபடி வடிகட்ட வேண்டும். கொதிக்க வைத்துவிட்டால் ஒரு நாள் தாங்கும்.

நான் செஞ்சிக்காரன். ராஜகிரியையும் கிருஷ்ணகிரியையும் பார்த்தபடி வளர்ந்தவன். எங்கள் வீட்டில் குலசாமிக்குக் கிடா வெட்டுவது உண்டு; கல்யாண வீடுகளுக்குக் கறிக்குழம்பு வைப்பதில் என் அப்பாவுக்கு நல்ல பெயர். எங்கள் ஊரைச் சுற்றி நயினார்கள் என்று அழைக்கப்படும் தமிழ்ச் சமணர்கள் இருக்கிறார்கள். மேல்சித்தாமூர், தாயனூர், அகலூர், வீடூர், பெருமண்டூர் என்று அவர்களுடைய ஊர்களைச் சொல்லிக்கொண்டே போகலாம். மேல்சித்தாமூரில் ஜினகாஞ்சி மடம் இருக்கிறது. அங்கே பார்சுவநாதர் கோயிலுக்கு ஏப்ரல் மாதம் தேர்விழா. விழாவுக்கு வருகிறவர்கள் எல்லாருக்கும் சாப்பாடு உண்டு. அந்தச் சாப்பாட்டை ஒருமுறை சாப்பிட்டவன் நான். வெங்காயம், பூண்டு, கிழங்கு எதுவும் இல்லாத அந்த சாம்பாரின் ருசி எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ளாமல் என்னால் இருக்க முடியவில்லை. அதனால்தான் நயினார் சமூகத்தைச் சேர்ந்த பெரியம்மாவின் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தேன். விழாச் சமையலிலும் விரதக்காரர்களுக்கான சமையலிலுமே தலை நரைத்தவர்கள் அவர்கள்.

வடிகட்டிக்கொண்டிருந்த ஒருநாள் பெரியம்மா எனக்கு ஒரு கதை சொன்னார்கள். செஞ்சியை ஆண்ட நாயக்கர் ஒருவர் சமணர்களைத் துன்புறுத்திய காலம். உயிருக்குப் பயந்து பலர் திருநீறு பூசிக்கொண்டு வெளியே சைவர்களாகவும் உள்ளே சமணர்களாகவும் வாழ்ந்தார்கள். திண்டிவனத்துக்குப் பக்கத்து வேலூரில் அப்படி ஒருவர் குளத்தில் இறங்கித் தண்ணீரை வடிகட்டியதைச் சேவகர்கள் பார்த்துவிட்டார்கள். நெற்றியில் என்ன இருந்தாலும் கை மறக்கவில்லை. செஞ்சிக்கு இழுத்துப் போனார்கள். அன்றைக்கு நாயக்கருக்குப் பிள்ளை பிறந்திருந்ததால் தலை தப்பியது. அவர் சிரவணபெளகொளா போய்ப் படித்து வீரசேனாசாரியார் ஆனார். தாயனூர் காங்கேய உடையார் அவரைத் திரும்ப அழைத்து வந்து, மறைந்திருந்தவர்களை மீண்டும் சமணத்தில் சேர்த்தார். கதையை முடித்துவிட்டுப் பெரியம்மா என் துணியைப் பார்த்தார்கள். "மடிப்பு விலகுது பாரு, தம்பி" என்றார்கள்.

தண்ணீருக்கு அடுத்தது ஆய்தல். அரிசியை முறத்தில் கொட்டி வெளிச்சத்தில் பார்க்க வேண்டும், பருப்பையும் அப்படியே. வெண்டைக்காயை வட்டமாக நறுக்குவதற்கு முன் நீளவாக்கில் பிளந்து பார்க்க வேண்டும். அவரைக்காயை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டும். காலிஃபிளவர் அடுக்களைக்குள்ளேயே வராது, அதன் பூவிடுக்கில் புழு இருந்தால் எடுக்கவும் முடியாது, பார்க்கவும் முடியாது. மழைக்காலத்தில் கீரைக்கும் அதே காரணம். கத்தரிக்காயைக் கண்டிப்பானவர்கள் தொடுவதில்லை. தேன் கிடையாது. கிழங்கு வகை கூடாது, ஏனென்றால் ஒரு கிழங்குக்குள் எண்ணற்ற உயிர்கள் சேர்ந்து வாழ்வதாகச் சமணம் சொல்கிறது. பச்சை இஞ்சி கூடாது. காய்ந்த சுக்கு ஆகும். மஞ்சள்தூள் ஆகும்.

வேர்க்கடலை எப்படி ஆகும் என்று கேட்டேன். எங்கள் செஞ்சி வட்டாரமே வேர்க்கடலை விளையும் மண், அதனால் இந்தக் கேள்வி எனக்கு முக்கியமாக இருந்தது. பெரியம்மா என்னைக் கொல்லைக்குக் கூட்டிப்போய் ஒரு செடியைக் காட்டினார்கள். மஞ்சள் பூ மேலேதான் பூக்கிறது. பூ வாடியபிறகு அதன் அடியிலிருந்து ஒரு விழுது இறங்கி மண்ணைத் துளைத்து உள்ளே போய்க் காய்க்கிறது. வளர்வது மண்ணுக்குள் என்றாலும் அது காய்தான், கிழங்கு இல்லை. விவசாயி வீட்டுப் பிள்ளைகள் பலருக்கும் தெரிந்த விஷயம் இது. அடுக்களையில் இருக்கும் ஒருவர் அதைச் செடியோடு வைத்துத் தெரிந்துவைத்திருந்தார் என்பதுதான் என்னைத் தொட்டது. ஒவ்வொரு காயும் எப்படி முளைக்கிறது, எதை வெட்டினால் செடி சாகும், எதைப் பறித்தால் செடி பிழைத்திருக்கும் என்று யோசித்துப் பார்த்தவர்கள் போட்ட பட்டியல் அது. வெளியில் இருப்பவர்கள் அதைத் தடைகளின் பட்டியலாகவே பார்க்கிறார்கள். நான் அதற்குள் ஒரு தாவரவியல் இருப்பதைப் பார்த்தேன்.

சாம்பாரின் ரகசியத்துக்கு வருகிறேன். பெரிய ரகசியம் இல்லை. துவரம்பருப்பை லேசாக வறுத்துக் கொஞ்சம் நெய் விட்டு வேக வைப்பது. உருளைக்கிழங்கின் இடத்தில் வாழைக்காய். பரங்கிக்காயில் பாதியைக் குழைய வேகவிட்டுக் கரைத்துவிடுவது. வெங்காயம் கொடுக்கும் இனிப்பும் கெட்டித்தன்மையும் அதில் வந்துவிடும். தனியா, மிளகாய், வெந்தயம், கடலைப்பருப்பு, கொப்பரை எல்லாவற்றையும் அன்றன்றைக்கு வறுத்து அரைப்பது. கட்டிப் பெருங்காயத்தை எண்ணெயில் பொரித்து, நுணுக்கி, இறக்கும்போது போடுவது. பூண்டு போட்டுப் பழகிய நாக்கு முதல் வாய்க்கு எதையோ தேடும். மூன்றாவது வாயில் பருப்புக்கும் பரங்கிக்கும் தனித்தனி வாசனை உண்டு என்று தெரிந்துவிடும். பூண்டும் வெங்காயமும் எவ்வளவு விஷயங்களை மூடி மறைத்துவிடுகின்றன என்பதை நான் இங்கேதான் கண்டேன்.

கற்றதில் கடினமானது உப்பு. படைப்பதற்கு முன், துறவிகளுக்கு இடுவதற்கு முன், சமைக்கிறவர் ருசி பார்க்கக் கூடாது. என் அப்பா கரண்டியில் எடுத்து உள்ளங்கையில் ஊற்றி நக்கிப் பார்த்துத்தான் எதையும் இறக்குவார். எனக்கும் அதுவே கைப்பழக்கம். இங்கே அளவு தெரிந்தாக வேண்டும். 100 பேருக்குப் பத்து கிலோ அரிசி, ஒரு லிட்டர் சாம்பாருக்குப் பத்து கிராம் அளவுக்கு உப்பு என்று கணக்கு இருக்கிறது. ஆனால் புளி புதிதா பழசா, உப்பு கல்லா தூளா, தீ எவ்வளவு நேரம் நின்றது என்பதைப் பொறுத்துக் கணக்கு நகரும். பெரியம்மா கொதியைப் பார்ப்பார்கள், பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு ஆவியை முகர்வார்கள். உப்பு குறைந்த சாம்பாரில் புளி வாசனை முன்னால் நிற்கும். உப்பு சேர்ந்துவிட்டால் புளி பின்வாங்கிப் பருப்பு முன்னே வரும். இதை அவர்கள் ஒருபோதும் இப்படி வாய்விட்டுச் சொன்னதில்லை. ஒரு தை மாதத்தில் கற்க ஆரம்பித்து, அடுத்த தேர்விழா நெருங்கும்போதுதான் என் மூக்கு அதைத் தானாகக் கண்டுகொண்டது.

துறவிக்கு ஆகாரம் கொடுக்கும் நாள் இன்னும் கூர்மையானது. திகம்பர முனிவர் ஒரு நாளைக்கு ஒருவேளைதான் உண்பார், நின்றபடியே, இரு கைகளையும் குவித்து அதில் வாங்கி. தண்ணீரும் அந்த ஒரு வேளையில்தான். கவளத்தில் ஒரு முடி, ஓர் எறும்பு தென்பட்டால் கையை விட்டுவிடுவார்; அடுத்த உணவு மறுநாள்தான். முறத்தில் ஆய்ந்த அரிசியை ஏன் மூன்று பேர் மாற்றி மாற்றிப் பார்க்கிறார்கள் என்பது எனக்கு அன்றைக்குப் புரிந்தது. சமைக்கிறவரின் கவனக்குறைவு ஒருவரை ஒரு நாள் முழுக்கப் பட்டினி போடும். உணவகத்தில் அப்படி நடந்தால் தட்டை மாற்றிக் கொடுத்துவிடலாம்.

செஞ்சிக்கு வடக்கே திருநாதர்குன்று இருக்கிறது. பெரும்பாறை ஒன்றில் 24 தீர்த்தங்கரர்களை இரண்டு வரிசையாகச் செதுக்கியிருக்கிறார்கள். சந்திரநந்தி ஆசிரியர் என்பவர் 57 நாள் உண்ணாமல் இருந்து உயிர் விட்டதைச் சொல்லும் மிகப் பழைய கல்வெட்டு அங்கே உண்டு. இளைய பட்டாரர் என்பவர் 30 நாள் உண்ணாநோன்பு இருந்ததை இன்னொரு கல்வெட்டு சொல்கிறது. கோட்டை பார்க்க வருகிறவர்களில் பெரும்பாலோர் அந்தப் பக்கம் திரும்புவதில்லை. 2025 ஜூலையில் யுனெஸ்கோ செஞ்சிக் கோட்டையை மராட்டியர் கோட்டைகளின் வரிசையில் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபிறகு கூட்டம் கோட்டைக்குத்தான் கூடியது. சமையல் படிக்கிறவர்கள் அந்தப் பாறையை ஒருமுறையாவது போய்ப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. உணவை விடத் தெரிந்தவர்கள் வாழ்ந்த ஊரில் உணவு சமைக்கிறோம் என்ற நினைப்பு கரண்டி பிடிக்கும் கைக்கு நல்லது.

விழா நாட்களில் கடிகாரம் சூரியன்தான். பொழுது விடிந்தபிறகே அடுப்பு மூட்ட வேண்டும். அதற்குமுன் இருட்டில் விறகுக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாது. மாலையில் விளக்கு வைத்தபிறகு உண்ண மாட்டார்கள். ஏப்ரலில் எங்கள் பக்கம் ஆறே காலைத் தாண்டிச் சூரியன் இறங்குகிறது. கடைசிப் பந்தி ஐந்தரைக்குள் எழுந்துவிட வேண்டும். இதனால் முதல்நாள் இரவே அரைத்து வைக்கும் வேலை எதுவும் விரதக்காரர் பந்திக்குக் கிடையாது. புளித்த மாவு இல்லை, ஆகவே இட்லி இல்லை. தயிர்வடையும் இல்லை. காய்ச்சாத பாலில் இருந்து வந்த தயிரோ மோரோ, இரண்டாகப் பிளக்கும் பருப்போடு சேரக் கூடாது என்று விதி.

இனிப்புப் பலகாரம் பிடிக்கும்போது இன்னொன்றும் கற்றேன். மாவில் கிளி, மீன், யானை என்று அச்சு போடக் கூடாது என்று பெரியம்மா தடுத்துவிட்டார்கள். யசோதர காவியத்தின் கதையைச் சொன்னார்கள்: தாயின் வற்புறுத்தலால் உயிருள்ள கோழிக்குப் பதில் மாவினால் செய்த கோழியைப் பலியிட்ட அரசன், அந்த எண்ணத்துக்காகவே பிறவி பிறவியாக விலங்காகப் பிறந்து வெட்டுப்பட்டான். கிடா வெட்டும் வீட்டிலிருந்து வந்த எனக்கு அது லேசாகக் கடந்துபோகும் கதையாக இல்லை. இதே சமூகத்தைச் சேர்ந்த ஜீவபந்து டி. எஸ். ஸ்ரீபால், கோயில்களில் உயிர்ப்பலியை நிறுத்துவதற்காக உழைத்தவர். சென்னை மாநிலத்தில் 1950ல் அதற்குச் சட்டம் வந்தது. 2004ல் தமிழக அரசு அதை நீக்கியது. பெரியம்மா என் வீட்டுக் கிடாவைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. நானாகத்தான் கறிச்சட்டியைவிட்டு விலகினேன்.

இப்போது புதுச்சேரியிலிருந்தும் ஆரோவில்லிலிருந்தும் கோட்டைக்கு வருகிற இளைஞர்கள் பால்கூடச் சேராத சாப்பாடு கேட்கிறார்கள். 1944ல் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சனும் நண்பர்களும் தொடங்கிய வீகன் இயக்கம் செஞ்சிப் பேருந்து நிலையம் வரை வந்துவிட்டது. நயினார் வீடுகளில் பாலும் நெய்யும் உண்டு. கன்று குடித்த மிச்சம்தான் நமக்கு என்பது பெரியம்மாவின் நிலை. இப்போதைய பால்பண்ணைகளில் கன்றுக்கு என்ன கிடைக்கிறது என்று ஒருநாள் விவரமாகச் சொன்னேன். அவர்கள் வெகுநேரம் பேசவில்லை. "அப்படின்னா கடலையில செஞ்சு பாரேன்" என்றார்கள்.

வேர்க்கடலையை விடிந்ததும் வெந்நீரில் ஊற வைத்து, தோல் நீக்கி, அரைத்து, பிழிந்து, பாலைக் காய்ச்ச வேண்டும். விரல் பொறுக்கும் சூட்டில் பச்சை மிளகாய்க் காம்புகளைப் போட்டு மூடினால் உறைந்து வரும். முதல் ஈடுக்குத்தான் காம்பு. பிறகு முந்தின தயிரே உறைமோர். சித்திரை வெக்கையில் காலை ஒன்பதுக்கு ஊற்றினால் நாலு மணிக்குக் கட்டியாகிவிடுகிறது. இரவு வைக்க வேண்டியதில்லை. மாட்டுப்பால் இல்லாததால் பருப்போடு சேரக் கூடாது என்ற விதியும் இதைத் தொடவில்லை. அவசரப்பட்டு முடிவு செய்யாமல், விவரம் தெரிந்த பெரியவர்களைக் கேட்டுவிட்டு வந்துதான் பெரியம்மா தலையசைத்தார்கள்.

அட்சய திருதியை அன்று, ஆதிநாதர் ஓராண்டு நோன்பைக் கரும்புச் சாற்றால் முடித்ததன் நினைவாக எல்லாருக்கும் கரும்புச் சாறு கொடுத்த பிறகு, மாலைப் பந்தியில் என் கடலைத் தயிர்வடையை வைத்தேன். தாளிப்பில் கடுகும் சுக்குப் பொடியும். உப்பு மூக்கால் பார்த்தது. பந்தி எழுந்ததும் பெரியம்மா மேற்கே ஒருமுறை பார்த்துவிட்டு உட்கார்ந்து ஒரு வடையைப் பிட்டுச் சாப்பிட்டார்கள். உப்பைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. "உளுந்தை இன்னும் ரெண்டு சுத்து ஆட்டியிருக்கணும்" என்று சொல்லிவிட்டு இன்னொரு வடையை எடுத்துக்கொண்டார்கள்.