ஒட்டுத் தகரம்

முன்னோர் விட்டுச் செல்வனவற்றைச் சொத்து என்னும் ஒரே சொல்லில் நாம் அடக்கிவிடுகிறோம். நிலம், வீடு, நகை ஆகியவற்றுக்கு அச்சொல் பொருந்தும். ஆனால், விற்றால் மனம் வருந்தும், வைத்திருந்தால் இடத்தை அடைக்கும், பழுது பார்த்தால் பணம் கரையும் என்னும் நிலையில் உள்ள சில பொருள்களும் நம் கைக்கு வந்து சேர்வதுண்டு. அவற்றைச் சொத்து என்பதா, சுமை என்பதா என்று எளிதில் முடிவு செய்ய இயலாது. அவற்றை எவ்வாறு பேணுவது என்று எண்ணத் தொடங்கும்போதுதான், நாம் மரபு என்று மேடைதோறும் பேசும் சொல்லுக்கு உண்மையான பொருள் விளங்கத் தொடங்குகிறது.

எனக்கு வாய்த்த அத்தகைய பொருள் ஒரு பழைய கார். பாடநூல்கள் அதனை மகிழுந்து என்னும். எங்கள் தோட்டத்து மக்கள் காடி என்றார்கள். 1959ஆம் ஆண்டு செய்யப்பட்ட மோரிஸ் மைனர் 1000 என்னும் வகை. இரும்புக் கூரைக்கு மாறாகக் கித்தானால் ஆன மடக்குக் கூரை கொண்டது. அது என் பெரியப்பாவின் கார். ஜொகூர் மாநிலத்தில் சிகாமட்டை அடுத்த ஒரு ரப்பர்த் தோட்டத்தில் கிராணியாகப் பணியாற்றிய அவர், நாடு திரும்பிய ஒரு வெள்ளைக்காரத் துரையிடமிருந்து 1963இல் அதனை வாங்கினார். 2018இல் தமது 86ஆம் வயதில் அவர் மறைந்தபோது, கார் வீட்டுப் பின்புறக் கொட்டகையில் நின்றிருந்தது.

இந்தக் காரின் பிறப்பைப் பற்றி ஒரு செய்தியை ஈண்டுக் கூறுதல் வேண்டும். இதனை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியாளர். பின்னாளில் 1959இல் வெளிவந்த மினி காரைப் படைத்தவரும் அவரே. மைனர் கார் 1948ஆம் ஆண்டு இலண்டன் மோட்டார்க் கண்காட்சியில் அறிமுகமாயிற்று. அதற்குச் சற்று முன்னர், மாதிரிக் கார் அகலம் குறைந்து தோன்றியதால், இசிகோனிஸ் அதனை நெடுக்காக இரண்டாகப் பிளக்கச் செய்து, இரு பாதிகளையும் நகர்த்திப் பார்த்து, 4 அங்குலம் அகலப்படுத்தினார். முன்னரே செய்து குவித்திருந்த பம்பர்களை வீணாக்க மனமின்றி, அவற்றையும் நடுவில் வெட்டி, இடையில் ஒரு துண்டு வைத்து இணைத்தனர். எஞ்சினை மூடும் பானெட்டின் நடுவே ஓடும் பட்டை, அந்த 4 அங்குலத்தின் அடையாளமாகப் பிற்காலத்துக் கார்களிலும் நிலைத்துவிட்டது. மோரிஸ் நிறுவனத்தின் தலைவர் நஃபீல்டு பிரபு இக்காரின் உருவத்தைக் கண்டு, வெந்நீரில் உடைத்து ஊற்றி வேகவைத்த முட்டையைப் போன்றுள்ளதென எள்ளினார் என்பர். ஆயினும் பிரிட்டனில் செய்யப்பட்ட கார்களுள் பத்து இலட்சம் என்னும் எண்ணிக்கையை முதலில் எட்டியது இந்த மைனர்தான். ஒட்டுப் போட்டே பிறந்த கார் இது என்பதை வாசகர் நினைவில் கொள்ள வேண்டுகிறேன்.

மைனர் பிறந்த அதே 1948இல்தான் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. தோட்டத் துரைமார் இரும்புக் கவசமிட்ட வண்டிகளில் செல்ல வேண்டியிருந்த காலம் அது. அவசரகாலம் 1960இல் முடிவுற்ற பின்னரே, ஜொகூர்ச் சாலைகளில் கூரையை மடக்கிவிட்டு அச்சமின்றிச் செல்லக் கூடிய நிலை ஏற்பட்டது. ஆனால் எங்கள் பெரியப்பா காற்று வாங்கக் கார் வாங்கியவர் அல்லர். தோட்டத்திலிருந்து அரசாங்க மருத்துவமனை தொலைவு. இரவில் வேறு வண்டி கிடையாது. பேறுகால வலி கண்ட பெண்களும், பாம்பு தீண்டியவர்களும், காய்ச்சலில் துடித்த பிள்ளைகளும் அந்தக் காரின் பின்னிருக்கையில்தான் மருத்துவமனை சென்றனர். நெட்டையான பொருள்களை ஏற்ற வேண்டியபோது கூரையை மடக்குவார். பந்தற்கால்களும் பள்ளிக் கரும்பலகையும் அவ்வாறு வந்து சேர்ந்தவையே.

1990களின் தொடக்கத்தில் அவர் காரை ஓட்டுவதை நிறுத்தினார். தோட்டம் கைமாறிற்று, ரப்பர் மரங்கள் போய்ச் செம்பனை வந்தது, லயங்கள் இடிக்கப்பட்டன. பின்னர், 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜொகூரைத் தாக்கிய பெருவெள்ளத்தில், கொட்டகைக்குள் இருந்த கார் இருக்கை மட்டம் வரை நீரில் மூழ்கியது. வெள்ளம் வடிந்த பின்னும் சேறு உள்ளேயே தங்கிற்று. துரு தன் வேலையைத் தொடங்குவதற்கு வேறென்ன வேண்டும்?

பெரியப்பாவின் கருமாதி முடிந்த சில வாரங்களில், கோலாலம்பூரிலிருந்து பழைய கார்களைச் சேகரிக்கும் ஒருவர் வந்தார். கூரை மடக்கும் மைனர் அரிது என்று கூறி, நாங்கள் எதிர்பாராத ஒரு தொகையைச் சொன்னார். அப்போது அண்ணனுடைய மகள் கல்லூரியில் சேர்ந்திருந்தாள்; அந்தத் தொகை அவளுக்குப் பேருதவியாக இருந்திருக்கும். அண்ணன் தயங்கினார். நானோ விற்கக் கூடாது என்றேன். பாசத்தைப் பேசி இன்னொருவர் பிள்ளையின் கல்விக்குத் தடையாய் நிற்பது அறமாகுமா? இரண்டு நாள் சிந்தித்த பின், அவர் சொன்ன விலையில் அண்ணனுக்குரிய பங்கை நானே தவணை முறையில் கொடுப்பதென முடிவாயிற்று. பெரியம்மா தம் பங்கு வேண்டாம் என்றார். அவர் கேட்டது ஒன்றுதான்: "கார் ஓடணும் தம்பி. சும்மா துணி போத்தி நிக்கக் கூடாது."

வாரிசுரிமைப் பத்திரம் பெறுதல், எல்லார் ஒப்புதலையும் இணைத்துச் சாலைப் போக்குவரத்துத் துறையில் பெயர் மாற்றுதல் ஆகியவற்றிலேயே பல மாதங்கள் சென்றன. அதன் பின்னரே காரைக் குளுவாங்கில் உள்ள ஒரு முதிய சீன மெக்கானிக்கின் பட்டறைக்கு ஏற்றிச் சென்றோம். இளமையில் மைனர் கார்களிலேயே தொழில் பழகியவர் அவர். பிஸ்டன்கள் இறுகிப் போயிருந்தன. உருளைகளில் டீசல் எண்ணெயை ஊற்றி, நாள்தோறும் சிறிது சிறிதாக அசைத்து, மூன்றாம் வாரத்தில் அவற்றை இளகச் செய்தார். எஞ்சின் 948 சி.சி. கொண்டது, அக்காலத்து ஈயம் கலந்த பெட்ரோலுக்காகச் செய்யப்பட்டது. அந்த ஈயம் வால்வுகள் அமரும் இடம் தேயாமல் காத்து வந்தது. இன்று ஈயமற்ற பெட்ரோலே கிடைப்பதால், கடின உலோக வளையங்களை அவ்விடத்தில் பதிக்க வேண்டியதாயிற்று. வெளியில் தெரியாத மாற்றம்; ஆயினும் இன்றியமையாதது.

உண்மையான சிக்கல் தரையில் இருந்தது. சாதாரணக் காரில் இரும்புக் கூரையும் சேர்ந்து உடலை விறைப்பாக வைத்திருக்கும். கூரை இல்லாத காரில் அந்தப் பொறுப்பு முழுதும் தரைக்கும், கதவுகளின் கீழே நீளவாட்டில் ஓடும் பெட்டி போன்ற பகுதிக்கும் வந்துவிடுகிறது. துருப்பிடித்த அப்பகுதியை அவசரப்பட்டு வெட்டினால், கார் நடுவில் தொய்ந்துவிடும். பிறகு கதவுகள் ஒருநாளும் சரியாகச் சாத்தா. ஆகவே கதவுகள் இருந்த இடைவெளியில் இரும்புக் கம்பிகளைக் குறுக்கே பற்றவைத்தார். "சிக்கு, முதலில் தாங்கிப் பிடிக்க வேண்டும்; அப்புறம்தான் வெட்ட வேண்டும்," என்று மலாயில் சொன்னார். பழைமையில் கைவைக்கும் எவரும் பொன்னேபோல் போற்றத் தக்க அறிவுரை அது.

துருவை விரைவில் அகற்ற மணல் வீசலாமே என்று நான் கேட்டேன். மெல்லிய தகடு அதனால் நெளிந்துவிடும் என்று மறுத்துவிட்டார். தமிழ்நாட்டுக் கோயில்கள் சிலவற்றின் கருங்கற் சுவர்களை மணல் வீசித் தூய்மை செய்தபோது கல்வெட்டு எழுத்துகள் தேய்ந்துபோனதும், அறிஞர்கள் அதனை எதிர்த்ததும், பின்னர் அம்முறை தடை செய்யப்பட்டதும் என் நினைவுக்கு வந்தன. அழுக்கைப் போக்கும் ஆர்வம் எழுத்தையும் போக்கிவிடும். கல்லுக்கும் தகட்டுக்கும் இவ்வகையில் வேறுபாடில்லை.

பின்னிருக்கைக்கு முன்னால், கால் வைக்கும் இடத்தில், சேற்றைச் சுரண்டியபோது ஓர் ஒட்டுத் தகரம் வெளிப்பட்டது. பால்மரத் தொழிலாளர் சுமக்கும் வாளியை வெட்டித் தட்டையாக்கி, ரிவிட் அடித்திருந்தார்கள். அதன் மேல் வெள்ளைச் சாயத்தில் எழுதிய எண் மங்கலாகத் தெரிந்தது. பெரியம்மாவிடம் கேட்டேன். ஒரு மழை இரவில் பேறுகால வலியோடு சென்ற பெண்ணின் கால்களைத் தரை ஓட்டை வழியே பீறிட்ட நீர் நனைத்ததாம். பெரியப்பா பணம் வாங்கமாட்டார் என்பதை அறிந்த அப்பெண்ணின் கணவர், சில நாள் கழித்துத் தம் பழைய பால் வாளியை வெட்டிக்கொண்டு வந்து, தம் கையாலேயே அடைத்துக் கொடுத்தாராம். அது அவர் செலுத்திய நன்றி.

மெக்கானிக்கோ அதனை நீக்கியே ஆகவேண்டும் என்றார். தரையே சுமை தாங்கும் காரில் ரிவிட் அடித்த தகரம் எதையும் தாங்காது. அதன் அடியில் சிக்கும் ஈரம் சுற்றியுள்ள இரும்பையும் அரித்துவிடும். அவர் சொன்னது முற்றிலும் சரி. பெரியம்மா சொன்னதும் சரியே: "அந்த மனுசன் கைபட்டது ஒண்ணாவது இருக்கட்டும்பா."

இந்த இடத்தில் தமிழாசிரியன் என்ற முறையில் எனக்கு உ.வே.சாமிநாதையர் வழிகாட்டினார். ஏடுகளிலிருந்து புறநானூற்றைப் பதிப்பித்து 1894இல் வெளியிட்ட அவர், சிதைந்த இடங்களைத் தம் புலமையால் நிரப்பிவிடவில்லை. அவருக்கு அது அரிய செயலன்று. ஆயினும் சிதைவைச் சிதைவென்றே காட்டினார். 267ஆம் பாட்டும் 268ஆம் பாட்டும் இன்றும் கிடைக்காதவை. அவற்றின் இடம் வெற்றிடமாகவே நம் பதிப்புகளில் நிற்கிறது. வேறு ஏடுகளில் கண்ட பாடங்களையும் அவர் எறிந்துவிடாமல் அடிக்குறிப்பில் தந்தார். மூலத்துக்கு உரியது மூலத்தில். காக்கத் தக்க பிறிதொன்று குறிப்பில். இதுவே நல்ல பதிப்பின் நெறி.

அந்நெறியையே பின்பற்றினோம். புதிய தகடு வெட்டித் தரையில் பற்றவைக்கப்பட்டது. சுமையை அது தாங்குகிறது. பால் வாளித் தகரத்தைத் துரு நீக்கி, எண் அழியாமல் மேலே தெளிவான பூச்சுப் பூசி, அதே இடத்தில், கழற்றக்கூடிய திருகுகளால் பொருத்தினோம். இன்று அது எதையும் தாங்கவில்லை, அடிக்குறிப்பாக அமைந்திருக்கிறது.

நிறத்திலும் இத்தகைய வினா எழுந்தது. தொழிற்சாலையிலிருந்து வந்தபோது கார் சாம்பல் நிறம்; பின்னாளில் பெரியப்பா பச்சை பூசினார். பிள்ளைகள் சிவப்பு வேண்டும் என்றனர். எந்த ஆண்டுக்கு நாம் திரும்புவது? 1959க்கா, பெரியப்பாவின் காலத்துக்கா? பெரியம்மாவும் தோட்டத்து மக்களும் அறிந்தது பச்சைக் காரையே. ஆகவே பச்சையே பூசினோம். பானெட்டின் உட்புறத்தில் ஒரு சாண் அளவு சாம்பல் நிறத்தை மட்டும் தொடாமல் விட்டோம்.

உதிரிப் பாகங்களுக்கு அதிகம் அலையவில்லை. இங்கிலாந்தில் அவை இன்றும் செய்யப்படுகின்றன. மைனர் கார்களை நெடுங்காலம் ஓட்டிவந்த இலங்கையிலும் 1990களில் அதன் உடற்பகுதித் தகடுகளைத் தொழிலாளர்கள் உருவாக்கி ஏற்றுமதி செய்தனர். இக்காரின் முன்சக்கரங்களைத் திருப்பும் மூட்டுக்கு மட்டும் ஓயாது கிரீஸ் இட வேண்டும்; தவறினால் மரை தேய்ந்து, சக்கரம் ஒருநாள் மடிந்து வீழும். ஆயிரம் மைலுக்கு ஒருமுறை கிரீஸ் இட்ட நாள்களைப் பெரியப்பா கிராணிக்கே உரிய நேர்த்தியான எழுத்தில் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தார். அதன் அடுத்த பக்கத்தில் இப்போது என் எழுத்து தொடர்கிறது.

கார் ஓடத் தொடங்கியபின், பெரியம்மாவைப் பின்னிருக்கையில் அமர்த்தித் தோட்டம் இருந்த பக்கமாகச் சென்றோம். லயம் இருந்த இடத்தில் செம்பனை நின்றது. கோயில் மட்டும் எஞ்சியிருந்தது. அவர் அதிகம் பேசவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலை அத்தகரத்தின் மேல் வைத்திருந்தார்.

ஒருநாள் பள்ளிக்கு அக்காரில் சென்றபோது, நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் அதனைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஐயா, இது புதுசா, பழசா?" என்று கேட்டான். பழைய கார்தான், ஆனால் சில இடங்கள் புதியவை என்றேன். எந்தெந்த இடம் என்று அவன் விடவில்லை. ஒவ்வொன்றாகக் காட்டினேன். எதையும் மறைக்க வேண்டியிருக்கவில்லை.

நாம் வகுப்பறையில் கையளிக்கும் தமிழும் இத்தன்மையதே. ஓடுவதற்குத் தேவையான புதிய வளையங்களை அதனுள் பதிக்கத்தான் வேண்டும். தாங்க இயலாத தரையை மாற்றத்தான் வேண்டும். ஆனால் எது பழையது, எது நாம் சேர்த்தது என்று ஒரு மாணவன் கேட்கும்போது, விரல் வைத்துக் காட்டக் கூடியவராக நாம் இருத்தல் வேண்டும். அவ்வாறு காட்ட முடிந்தால், நமக்குப் பின் வருபவர் எதைக் கழற்றலாம், எதைத் தொடக் கூடாது என்பதைத் தாமே அறிந்துகொள்வர்.