சத்தும் மருந்தும் சந்திக்கும்போது

இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., வேதியியல்

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள் நம் முன்னோர். 1930 ஏப்ரலில் நம் திருச்சியிலிருந்து இராஜாஜி தலைமையில் தொண்டர்கள் வேதாரண்யம் வரை நடந்து சென்றதும் உப்புக்காகவே. அந்த உப்பு சோடியம் குளோரைடு. நான் எழுத வந்தது அதன் தம்பியைப் பற்றி. தனிம வரிசை அட்டவணையில் சோடியத்துக்கு நேர் கீழே அமர்ந்திருக்கும் பொட்டாசியமே அந்தத் தம்பி. இத்தகைய தாதுச் சத்துகள் இரத்த அழுத்த மாத்திரைகளோடு நம் உடம்புக்குள் சந்தித்தால் என்ன ஆகும்? படித்ததையும் எங்கள் வீட்டில் பார்த்ததையும் கொண்டு சொல்கிறேன்.

எங்கள் ஊர் அரியமங்கலம். மாநகரின் குப்பையெல்லாம் நெடுங்காலம் வந்து குவிந்த இடம் என்று பலர் அறிவர். உழைத்து உண்ணும் மக்கள் நிறைந்த தெருக்களும் அங்கே உண்டு. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். ஆகவே ஆங்கிலத்தில் எழுதிய எந்தத் தாளும், எந்த மாத்திரை அட்டையும் சுற்றிச் சுற்றி என் கைக்குத்தான் வந்து சேரும்.

என் தந்தை காந்தி மார்க்கெட்டில் மூட்டை சுமந்தவர். சர்க்கரையும் பிரஷரும் ஒன்றன்பின் ஒன்றாக அவரைப் பிடித்துக்கொண்டன. 2021 ஆகஸ்டில் அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வந்தபின் எங்கள் தெருவில் பலருக்கு மாத்திரை வாசலுக்கே வருகிறது. அப்பா வேளை தவறாமல் விழுங்குவது எனலாப்ரில். சென்ற ஆண்டு ஒரு கடையில், பிரஷர்காரர்களுக்கு நல்லது என்று சொல்லி, சோடியம் குறைந்த உப்புப் பொட்டலம் ஒன்றைக் கொடுத்தார்கள். அம்மா அதை ஜாடியில் கொட்டிவிட்டு உறையை எறிந்துவிட்டார். அடுத்த பொட்டலம் வாங்கிய அன்றுதான் உறை என் கண்ணில் பட்டது. முகப்பில் பெரிய எழுத்தில் 'சோடியம் குறைவு'. பின்புறம் எறும்பு ஊர்ந்ததுபோல் ஒரு வரி: பொட்டாசியம் குளோரைடு.

நம் ஆய்வுக்கூடத்தில் உப்புப் பகுப்பாய்வு செய்தவர்களுக்கு இது புரியும். சோடியம் சுடரில் பொன்மஞ்சளாக எரியும். பொட்டாசியம் வெளிர் ஊதாவாக எரியும். இரண்டும் கலந்திருந்தால் மஞ்சள் ஊதாவை மறைத்துவிடும். கோபால்ட் நீலக் கண்ணாடி வழியே பார்த்தால்தான் ஊதா தெரியும். எங்கள் வீட்டு ஜாடிக்குள் மறைந்திருந்ததும் அந்த ஊதாச் சுடர்தான்.

"ஏம்ப்பா, உப்புல என்ன இருக்கு? அது என்ன மருந்தா, மாயமா?" என்றார் அப்பா. நியாயமான கேள்வி. அதற்கு விடை சிறுநீரகத்தில் இருக்கிறது. ஆல்டோஸ்டீரோன் என்னும் ஹார்மோன் ஏவினால்தான் சிறுநீரகம் மிகுதியான பொட்டாசியத்தைச் செவ்வனே வெளியேற்றும். எனலாப்ரில் இரத்தக் குழாய்களைச் சுருக்கும் ஆஞ்சியோடென்சின் உருவாவதைக் குறைத்து அழுத்தத்தைத் தணிக்கிறது. ஆனால் அதனோடு ஆல்டோஸ்டீரோனும் குறைகிறது. பொட்டாசியம் உடம்பிலேயே தங்குகிறது. லோசார்ட்டான், டெல்மிசார்ட்டான், ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரைகளுக்கும் இந்தக் குணம் உண்டு. சர்க்கரை நோயால் சிறுநீரகம் தளர்ந்திருந்தால் ஆபத்து இன்னும் கூடும். இரத்தத்தில் பொட்டாசியம் லிட்டருக்கு ஏறத்தாழ 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருக்கலாம். அளவு மீறி ஏறினால் இதயத்தின் தாளமே தவறும்; பல நேரம் முன்னறிவிப்பு எதுவும் இராது.

உறையோடு அப்பாவை மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். இரத்தப் பரிசோதனையில் 5.8 என்று வந்தது. "மாத்திரையை நிறுத்தாதீங்க ஐயா, இந்த உப்பை நிறுத்துங்க" என்றார் மருத்துவர். பத்து நாள் கழித்து அது 4.7க்கு இறங்கியது. அம்மா அன்றிரவுதான் நிம்மதியாகத் தூங்கினார்.

இதைக் கேட்டுப் பொட்டாசியத்தையே பகையாக எண்ணிவிடக் கூடாது. எங்கள் தெருவில், பொன்மலை இரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவர் உண்பது ஹைட்ரோகுளோரோதயசைடு. அது சிறுநீரோடு பொட்டாசியத்தையும் இழுத்துச் சென்றுவிடும். ஆகவே மருத்துவரே அவருக்குப் பொட்டாசியம் மருந்து எழுதித் தந்திருக்கிறார். அவருக்கு மருந்தாவது என் தந்தைக்கு நஞ்சு! ஒருவர் அட்டையைப் பார்த்து மற்றவர் வாங்கிச் சாப்பிடும் நம் வழக்கம் எத்தனை கொடியது!

பிற சத்துகளும் இப்படியே. தயசைடு வகை மாத்திரை சுண்ணாம்புச் சத்தை உடம்பில் தேக்கும். அதோடு கால்சியம் மாத்திரையையும் தாமாகவே விழுங்கினால் இரத்தத்தில் கால்சியம் மிகுந்துவிடலாம். கர்ப்ப காலத்தில் பிரஷர் ஏறிய என் அக்காவுக்கு மெத்தில்டோபாவும் இரும்புச் சத்து மாத்திரையும் சேர்த்துக் கொடுத்தார்கள். இரும்பு அந்த மருந்தைக் குடலிலேயே பிணைத்துக்கொண்டு இரத்தத்தில் சேரவிடாது. இரண்டும் தேவையே, ஆனால் ஒரே வேளையில் விழுங்காமல் நேரம் பிரித்து உண்ண வேண்டும் என்று செவிலியர் அக்கா அன்போடு விளக்கினார்.

சோடியம் குறைந்த உப்பால் நன்மையே இல்லையா? உண்டு. சீனாவில் 600 கிராமங்களில் ஏறத்தாழ 21,000 பேரிடம் நடந்த ஆய்வு 2021இல் வெளியாயிற்று. கால் பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பை உண்டவர்களிடம் பக்கவாதம் 14 விழுக்காடு குறைந்தது. ஆனால் கடுமையான சிறுநீரக நோய் உள்ளவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2025இல் இவ்வகை உப்பைப் பரிந்துரைத்தபோதும் சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்கு அது பொருந்தாது என்றே சொன்னது. ஊருக்கு நல்லது ஒருவருக்கு ஆகாமல் போகலாம்.

நண்பர்களே! சத்து என்ற பெயர் இருந்தாலே தீங்கில்லை என்று நம்புகிறோம். டானிக், சத்து மாத்திரை, புது உப்பு, நாட்டு மருந்து ஆகியவற்றை மருத்துவரிடம் சொல்வதே இல்லை. அவர் கேட்காவிட்டாலும் நாம் சொல்ல வேண்டும்; முடிந்தால் உறையையே எடுத்துக்கொண்டு போக வேண்டும். பயந்துபோய் மாத்திரையைத் தாமே நிறுத்துவது அதனினும் கேடு.

நம்மில் பலர் முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவர்கள். நம்மைப் படிக்க வைக்கத் தோள் தேய உழைத்தவர்களுக்கு அந்தச் சிற்றெழுத்தை வாசிக்கத் தெரியாது. பட்டம் கிடைக்க இன்னும் ஓராண்டு இருக்கலாம். ஆனால் வீட்டிலுள்ள மாத்திரை அட்டைகளை எடுத்து, அவற்றில் உள்ளதைத் தமிழில் சொல்லிக் கொடுக்க இன்று மாலையே போதும்.