எழுத்துக்கு எங்கே இடம்?

அரியலூரில் தட்டச்சிட்ட தமிழ்மடல் சென்னைக் கணினியில் பொருளற்ற குறிகளாய்த் திறந்த காலம் ஒன்றுண்டு. ஒவ்வோர் எழுத்துருவும் தனக்கெனக் குறியீட்டு முறை வகுத்துக்கொண்டதே காரணம். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்இணைய மாநாட்டை ஒட்டி டாம், டாப் குறியீட்டு முறைகளும் தமிழ்99 விசைப்பலகையும் ஏற்கப்பெற்றன. விசைப்பலகை நிலைத்தது, குறியீட்டு முறைகளின் இடத்தை யூனிகோடு பிடித்தது.

பின்னர் எழுந்த வாதமே சுவையானது. யூனிகோட்டில் ‘கொ’ என்பது ககரமும் ஒகரக் குறியுமாகச் சேமிக்கப்பெறும். கொம்பை முன்னும் காலைப் பின்னும் நிறுத்துவது மென்பொருளின் கடன். அதனை அறியாத பழைய அச்சக மென்பொருள்களில் தமிழ் சிதைந்தது. 247 எழுத்துகளுக்கும் தனித்தனி இடம் வேண்டுமென ஒரு சாரார் வற்புறுத்தினர். அதன் விளைவே டேஸ்16. ஆனால் அதன் எழுத்துகள் யூனிகோட்டின் தனிப்பயன் பகுதியில் அமைந்தவை. அங்கே எவரும் எக்குறியையும் வைத்துக்கொள்ளலாம். எனவே டேஸ்16 அறியாத கணினிக்கு அவை தமிழே அல்ல! கணக்கில் எளிதான அம்முறைக்குப் பயணத்தில் கால் தளர்ந்தது.

2010இல் தமிழ்நாடு அரசு இரண்டையும் ஏற்றது: பொதுவில் யூனிகோடு, அது இயங்காத மென்பொருளில் டேஸ்16. இன்று கைப்பேசிகளில் உலவும் தமிழ் யூனிகோடே.